சிப்பாயின் கையில் ரோச் லைற்

ஒருவருக்கும் நோகாமல் ஒரு காரியத்தைச் செய்து முடித்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் எங்கள் ஊரில் இரண்டு வகை. ஒன்று, இன்னும் பேசத் தொடங்காத குழந்தைகள். மற்றது நான்.

என் தொழிலும் அப்படிப்பட்டது. தெல்லிப்பழையில் ஒரு நில அளவையாளரிடம் வரைபடம் கீறுபவனாக இருக்கிறேன். சண்டை பிடித்த இரண்டு சகோதரர்களுக்கு நடுவில் வேலிக்கோடு போடும்போது பென்சிலை எவ்வளவு கூராகச் சீவவேண்டும் என்று எனக்குத் தெரியும். (மொட்டைப் பென்சிலால் கீறினால் கோட்டின் தடிப்புக்கே வழக்குப் போடுவார்கள்.) ஒரு நாளும் தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிறேன். என் சட்டைகள் அலுமாரியில் நிற ஒழுங்கில் தொங்குகின்றன. இதையெல்லாம் பார்த்துத்தான் கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு எங்கள் தேவாலயத்தில் நடக்கும் ஒளிவிழாவின் பாடல்களை ஒழுங்குசெய்யும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார் போதகர். "நீங்கள் எண்டால் பிழையே வராது" என்றார். எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது தேநீரைக் கொட்டினால் அந்த வசனத்தைத்தான் சொல்கிறார்கள்.

சில வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை தொடங்கிய நேரம், டெக்ஸாஸில் இருக்கும் என் அக்காவிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு பாட்டும், பின்னால் அவருடைய குரலும் வந்தன.

"தம்பி, பாட்டைக் கேட்டுப்பார். இஞ்சை எங்கடை சேர்ச்சிலை நத்தாருக்கு இதைப் பாடேக்கை ஒருத்தற்றை கண்ணும் காஞ்சிருக்காது. இந்தமுறை டானியல் நத்தாருக்கு வீட்டை இல்லை. ஏதோ பாலைவனமாம். எங்கை எண்டும் சொல்லக்கூடாதாம். வீட்டிலை அந்த வெறுங்கதிரையைப் பாத்துக்கொண்டிருக்க என்னாலை ஏலாது. நானும் அத்தானும் ஊருக்கு வாறம். எங்கடை கோயிலிலை, தமிழிலை, அவனுக்காக ஒருக்கா உந்தப் பாட்டைப் பாடுவியே?"

டானியல் அக்காவின் ஒரே மகன். அமெரிக்க இராணுவத்தில் சேர்ந்திருந்தான்.

பாட்டைக் கேட்டேன். நத்தார்ப் பாட்டும் நாட்டுப்பற்றுப் பாட்டும் கலியாணம் முடித்துப் பெற்ற பிள்ளை அது. தூர எல்லையில் ஒரு சிப்பாய் துவக்கோடு தனியே நிற்கிறான். பனி கொட்டுகிறது. சட்டைப்பைக்குள் அம்மாவின் கடிதம். பின்னால் கொடி அசைகிறது. நடுவில் ஒரு சின்னப் பெண்பிள்ளை பாட்டை நிறுத்திவிட்டு, "நன்றி சிப்பாய் மாமா" என்று பேசுகிறாள். கடைசியில் எக்காளம். நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள், நான் விழித்திருக்கிறேன் என்று அவன் சொல்லுமிடத்தில் நானும் அழுதுவிட்டேன். "செய்யிறன் அக்கா" என்று உடனே பதில் அனுப்பினேன்.

கண்ணைத் துடைத்தபிறகுதான் இதை யாருக்கு முன்னால் பாடப்போகிறோம் என்று யோசித்தேன்.

சிப்பாய் என்ற ஒருவனை எங்கள் ஊரில் யாரும் பொதுவாக நினைத்துப் பார்ப்பதில்லை. எந்தச் சிப்பாய் என்ற கேள்விதான் முதலில் வரும். எங்கள் தேவாலயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இராணுவ முகாம். அதன் பொறுப்பதிகாரியை ஒளிவிழாவுக்கு அழைப்பது வழக்கமாகிவிட்டிருந்தது. (அழைப்பதற்குத் துணிவு தேவையில்லை. அழைக்காமல் விடுவதற்குத்தான் தேவை.) அவர் வருவார், முன்வரிசை வாங்கில் இருப்பார், பொன்னாடை போர்ப்போம், தனக்குத் தெரிந்த தமிழில் "நல்லது, நல்லது" என்பார், கேக் சாப்பிட்டுவிட்டுப் போவார். அவருக்கு முன்னால் 'நன்றி சிப்பாயே' என்று பாடினால் அவர் என்ன நினைப்பார்? அவர் நினைப்பதைப் பார்த்துச் சபை என்ன நினைக்கும்?

இதையெல்லாம்கூடச் சமாளிக்கலாம். நான் பயந்தது ராணி ரீச்சருக்கு.

ரீச்சர் எங்கள் தேவாலயத்துப் பாடல்களுக்கு ஓகன் வாசிப்பவர். அக்காவும் அவரும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். ரீச்சருக்கும் ஒரே மகன்தான். யுத்தத்தின் கடைசி நாட்களில் அவனை ஆட்கள் கண்டிருக்கிறார்கள். சிப்பாய்கள் காவல் நிற்க, சரணடைந்தவர்களின் வரிசையில் நடந்துபோனானாம். அதற்குப் பிறகு ஒருவரும் காணவில்லை. ரீச்சர் அதைப்பற்றிக் கதைப்பதில்லை. ஆனால் ஒருமுறை எங்கள் மேடையில் யாரோ ஒரு விருந்தினர் "நடந்ததை மறப்போம்" என்று பேச ஆரம்பித்தபோது, ரீச்சர் ஓகன் மூடியை இறக்கி, பூட்டி, திறப்பைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார். மிச்சப் பாடல்களை நாங்கள் நாலு சுருதியில் பாடி முடித்தோம்.

அந்தப் பூட்டு விழுந்த சத்தம் எனக்கு இப்போது நித்திரையிலும் கேட்கத் தொடங்கியது.

வழக்கம்போல, ஒருவருக்கும் நோகாமல் மொழிபெயர்ப்பது என்று முடிவெடுத்தேன்.

முதலில் கொடியை எடுத்தேன். எங்கள் ஊரில் எந்தக் கொடியைச் சொன்னாலும் இரண்டுபேர் எழும்பிப் போவார்கள். எந்தக் கொடி என்று சொல்லாமல் விட்டால் நாலுபேர் போவார்கள். கொடி போனதும் நாடு தனியே நின்றது, அதையும் எடுத்தேன். சீருடையின் நிறத்தைச் சொன்னால் வம்பு. மார்கழி மழைதானே என்று தோளில் ஒரு மழைக்கோட்டைப் போட்டுவிட்டேன். துவக்கைப் பறித்தபின் கை வெறுமையாகத் தொங்கியது. பாட்டில் ஒரு மனிதன் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பது அழகில்லை. அதனால் ஒரு விளக்கைப் பிடிக்கக் கொடுத்தேன். எல்லை என்ற சொல் எவ்வளவு பொல்லாதது என்று தொழில்முறையில் அறிந்தவன் நான். எல்லையை வாசலாக்கினேன். பகைவர் மட்டும் மிஞ்சினார்கள். யோசித்துப் பார்த்தால் எங்கள் ஊரில் எல்லாத் தரப்புக்கும் பொதுவான பகை கள்வர்தான். ஓசையும் பொருந்தியது.

வாசலில் ஒருவன் விழித்திருக்கிறான்,
மார்கழி மழையில் நனைந்திருக்கிறான்.
கையிலோர் விளக்கு, தோளிலோர் கோட்டு,
கள்வர் வராமல் காத்திருக்கிறான்.

சுத்தமாக வெட்டிச் சீவிய பாட்டு. ஒரு முள்ளும் இல்லை. என் மனைவி செல்வி தேங்காய் துருவியபடி அதை முணுமுணுத்துப் பார்த்தார்.

"இஞ்சாருங்கோ, பாட்டு நல்லாத்தான் கிடக்கு. ஆனால் இந்த ஆளை எங்கையோ கண்டமாதிரிக் கிடக்கு."

"அது சிப்பாய்."

"சிப்பாயே? துவக்கு எங்கை?"

"அது உணர்விலை இருக்கு."

"ஓ" என்று சொல்லிவிட்டு அவர் தேங்காயைத் தொடர்ந்து துருவினார். அந்த 'ஓ'வைக் கொஞ்சம் கவனித்திருக்கலாம்.

ரீச்சரிடம் முதலில் மெட்டை மட்டும் கொடுத்தேன். கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"சொல்லு எங்கை தம்பி?"

"இன்னும் காயேல்லை ரீச்சர்."

"மையோ, மூளையோ?"

அடுத்த கிழமை சொற்களையும் கொடுத்தேன். வாசித்தார். நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார், அதே திறப்புக்குப் பக்கத்தில். எனக்கு ஒருவர் திட்டினால் தாங்கும். ஒன்றும் சொல்லாமல் விட்டால் தாங்காது. ஒத்திகை நடந்த நாளெல்லாம் பாட்டைக் கேட்காமல் ரீச்சரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகிலிருந்து ஒன்றும் விளங்கவில்லை.

அக்காவும் அத்தானும் வந்து இறங்கினார்கள். அக்கா பாட்டை வாசித்துவிட்டுத் தாளின் மறுபக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

"கொடி எங்கை?"

"மழைக்கு உள்ளை எடுத்து வைச்சிருக்கிறம்."

"துவக்கு?"

"கோயிலுக்குள்ளை துவக்கு எப்பிடியக்கா?"

"எண்டாலும் இது என்ரை பிள்ளைதானே?" என்று கேட்டார். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.

"ஓம் அக்கா. உங்கடை பிள்ளையேதான்" என்றேன்.

ஒளிவிழா நாளில் மழை. தேவாலயத்தின் உட்புறத்தை அளந்து நான் முதல்நாளே படம் கீறி வைத்திருந்தேன். அதிகாரி இடப்பக்க முன்வாங்கில். அக்காவும் அத்தானும் வலப்பக்கத்தில். ஓகன் வாசிக்கும் ரீச்சரின் கண்ணில் அதிகாரி படாமலிருக்க, இருவருக்கும் நடுவில் நத்தார் மரம். வழக்கத்தைவிடப் பெரிய சவுக்குக் கொப்பாக வெட்டுவித்திருந்தேன். (அது விழுந்தால் போதகரின் தலையில்தான் விழும் என்றார்கள். அந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டேன்.) எல்லாம் கோடு பிசகாமல் இருந்தது. மனிதர்கள் மட்டும் அசையக்கூடியவர்கள் என்பதைப் படத்தில் குறிக்க மறந்துவிட்டேன்.

எங்கள் பாட்டு வந்தது. அத்தான் கைபேசியைத் தலைக்குமேல் பிடித்தார். அதில் டானியல், காணொளி அழைப்பில். ரீச்சர் ஓகனைத் தொட்டார். 'வாசலில் ஒருவன்' என்று தொடங்கினோம். நான் கீழ்க்குரல் வரிசையில் நின்றுகொண்டு, பாடுவதுபோல வாயசைத்தபடி, மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்தேன்.

இரண்டாம் அடியில் அக்கா எழும்பி நின்றார்.

அவர்களுடைய சேர்ச்சில் அப்படித்தானாம். இந்தப் பாட்டுக்குச் சிப்பாய்களின் குடும்பத்தார் எழும்பி நிற்பார்கள், மற்றவர்கள் இருந்தபடி கைதட்டுவார்கள். எங்கள் சபையின் வழக்கம் வேறு. முன்வாங்கில் ஒருவர் எழும்பினால் எல்லோரும் எழும்ப வேண்டும். காரணத்தைத் தேநீரோடு விசாரித்துக்கொள்ளலாம். ஆகவே முழுச்சபையும் எழும்பியது. பின்னால் திரும்பிப் பார்த்த அதிகாரி, இத்தனைபேர் நிற்பதைக் கண்டு தானும் எழும்பினார். பக்கத்திலிருந்தவர் அவர் காதுக்குள் ஏதோ சொன்னார், சிப்பாய்ப் பாட்டு என்றுதான் இருக்கவேண்டும். அவர் சட்டையை இழுத்து நேராக்கி, கையை நெஞ்சில் வைத்தார்.

முடிந்தது, என்று நினைத்தேன். தனக்குத்தான் பாடுகிறோம் என்று அதிகாரி நினைக்கிறார். நாளைக்கு ஊரில் எனக்கு ஒரு கடையில் சீனிகூடத் தரமாட்டார்கள். ரீச்சரைப் பார்த்தேன். அவர் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தார். மூடி இன்னும் திறந்திருந்தது.

அந்த நேரத்தில் மழைச்சாரல் பக்கக் கதவால் உள்ளே அடித்தது. கதவைச் சாத்துவதற்காகப் பொன்னுத்துரை அண்ணை உள்ளே வந்தார்.

பொன்னுத்துரை அண்ணை எங்கள் தேவாலயத்தைக் காவல் காக்கும் வாச்சர். நெற்றி நிறைய விபூதி பூசி, காலையில் பிள்ளையாரைக் கும்பிட்டு, மாலையில் எங்கள் வாசல் படலையில் வந்து இருப்பவர். அன்றைக்கு வாகனங்களைப் பார்த்துக்கொள்ள மழைக்குள் நின்றவர், மழைக்கோட்டோடும் கையில் எரிந்துகொண்டிருந்த ரோச் லைற்றோடும் வந்து நின்றார். நாங்கள் பாடிக்கொண்டிருந்த அடி, 'கையிலோர் விளக்கு, தோளிலோர் கோட்டு.'

சாரல் அடித்த பக்கம் முழுச்சபையும் ஏற்கெனவே திரும்பியிருந்தது. பிறகு சின்னப்பிள்ளைகளின் வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஐ! வாச்சர் மாமா!"

"அதுதானே பாத்தன்!" என்றார் பெண்கள் வரிசையில் நின்ற செல்வி, பாட்டைவிடச் சத்தமாக.

பொன்னுத்துரை அண்ணை உறைந்துபோனார். தேவாலயம் முழுவதும் எழும்பி நின்று, தன் முகத்தைப் பார்த்து, தன்னைப்பற்றிப் பாடுகிறது. ஒரு பெரிய அதிகாரி நெஞ்சில் கைவைத்து நிற்கிறார். முன்வாங்கில் வெளிநாட்டு அம்மா ஒருவர் விம்மி அழுகிறார். வேறு என்னதான் நினைப்பார் மனிதர்? கோட்டிலிருந்து தண்ணீர் ஒழுக, ரோச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பினார்.

அப்போது ஓகன் நின்றது.

பாட்டு நாலு சுருதியாகப் பிரிந்தது. நான் திரும்பினேன். ரீச்சர் குனிந்திருந்தார். தோள்கள் குலுங்கின. மூடியில் கை இருந்தது.

அவரிடம் ஓடப் பார்த்தால் போதகர் ஒலிவாங்கியைப் பிடித்துவிட்டார். எங்கள் போதகர் இளையவர். எதிர்பாராத எதையும் ஆண்டவரின் ஏற்பாடு என்று எடுத்துக்கொள்பவர். "எங்களைக் காக்கிற இந்த மனிசனுக்கு நாங்கள் ஒருநாளாவது நன்றி சொன்னமா?" என்று தழுதழுத்தார். தட்டிலிருந்த பொன்னாடையைக் கையில் எடுத்தார். அதிகாரிக்கு வைத்திருந்த பொன்னாடை. வேறு பொன்னாடை இல்லை. 'வேண்டாம், வேண்டாம்' என்று நான் இரண்டு கையாலும் காட்டினேன். உற்சாகப்படுத்துகிறேன் என்று அவர் விளங்கிக்கொண்டார். பொன்னாடை ஈரக்கோட்டின்மேல் விழுந்தது. எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் அதிகாரி.

"எங்கடை பிள்ளையார் கோயிலிலைகூட எனக்கு உப்பிடி ஒருநாளும் செய்யேல்லை" என்று ஒலிவாங்கியில் சொல்லிவிட்டுப் பொன்னுத்துரை அண்ணை தேம்பினார்.

நான் ஓகனடிக்குப் போய்ச் சேர்ந்தேன். "ரீச்சர், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் ஒண்டையும் நினைச்சு…"

அவர் நிமிர்ந்தார். முகமெல்லாம் கண்ணீர். ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்துக் கட்டைகள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டன.

"பேசாதை தம்பி. வயிறு நோகுது" என்றார்.

அதிகாரிக்குக் கொடுக்க ஏதாவது வேண்டும். தேநீர் மேசையில் நீர்வேலியிலிருந்து வந்த இதரைவாழைக் குலை ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, சகல மரியாதைகளோடும் அவர் கையில் கொடுத்தேன். "நல்லது, நல்லது" என்றார். அத்தனை வருடத்தில் முதன்முறையாக அவர் அதை மனதாரச் சொன்னதுபோல இருந்தது. ஜீப்பில் மடியில் வைத்துக்கொண்டு போனதாகக் கேள்வி.

அக்கா வாங்கின் ஓரத்தில் இருந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ரை பிள்ளைக்கு எண்டு கேட்டனான். வாச்சருக்குப் பாடிப்போட்டு நிக்கிறாய்" என்றார் கடைசியில். டானியல்தான் கைபேசிக்குள்ளிருந்து, தனக்குத் தெரிந்த உடைந்த தமிழில் கதைத்தான்.

"அம்மா, எங்கை எண்டுதான் சொல்லக்கூடாது. என்ன செய்யிறன் எண்டு சொல்லலாம். கேற்றிலை நிக்கிறன். எல்லா நாளும். கையிலை ரோச்."

"துவக்கு?" என்றார் அக்கா.

"இருக்கு. ஆனால் ரோச்தான் கூட வேலை செய்யிது. மாமா, உங்களுக்கு ஆர் சொன்னது?"

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு கைபேசியைப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். அது நிற்காமல் அழுகையாகி, திரும்பவும் சிரிப்பானது. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் டானியலுக்குப் பெயர் வாச்சர். அவன் இராணுவத்தை விட்டு வந்து இப்போது கணினி வேலை செய்கிறான். இன்னும் வாச்சர்தான்.

எல்லோரும் போனபிறகு ரீச்சர் ஓகனைப் பூட்டினார். நான் பாட்டுத் தாள்களைச் சேர்த்து அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"நீ என்னத்துக்கு என்னட்டை ஒளிச்சுக்கொண்டு திரிஞ்சனி? உன்ரை அக்கா எனக்கு எப்பவோ போன் எடுத்துச் சொல்லிப்போட்டா. உந்தப் பாட்டையும் அனுப்பினவ. டானியலுக்குப் பேர் வைச்சதே நான்தானே."

"பாட்டைக் கேட்டனீங்களோ?"

"கேட்டனான். பேசாமல் ஓகனைப் பூட்டிப்போட்டு இருந்திடுவம் எண்டுதான் நினைச்சனான். கொக்காவுக்கும் அப்பிடித்தான் சொன்னனான். பிறகு நீ ஒரு தாளைக் கொண்டந்து தந்தாய்." திறப்பைக் கைப்பைக்குள் போட்டார். அந்த நாலாக மடித்த தாள் இன்னும் அங்கேதான் இருந்தது. "துவக்குமில்லை, கொடியுமில்லை. ஆரோ ஒருத்தன் ஏதோ ஒரு வாசலிலை மழைக்குள்ளை நிக்கிறான். எனக்கு அது காணும் தம்பி. என்ரை பிள்ளையும் எங்கையாவது வாச்சரா நிக்கட்டுமன்."

அன்றைக்கு என் நாட்குறிப்பில் எழுதியிருப்பது ஒரேயொரு சொல்: மழை.

அடுத்த வருடம் பொறுப்பிலிருந்து விலகக் கடிதம் எழுதினேன். போதகர் அதை ஆண்டவரின் ஏற்பாடு என்று ஏற்றுக்கொள்ளவில்லை. குறைந்தது அந்தப் பாட்டைத் திருத்தி, கள்வரையாவது எடுத்துவிடுவோம் என்றேன். ரீச்சர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "ஒரு சொல்லிலை கை வைச்சாய், ஓகனைப் பூட்டிப்போட்டுப் போயிடுவன்."

ஆகவே வருடாவருடம் அதையே பாடுகிறோம். பொன்னுத்துரை அண்ணை அன்றைக்கு மட்டும் மழை இல்லாவிட்டாலும் மழைக்கோட்டோடு வருகிறார். போன வருடம் என்னை ஒருபக்கமாகக் கூப்பிட்டார்.

"தம்பி, பாட்டு நல்லாத்தான் கிடக்கு. ஆனால் என்ரை சைக்கிளை விட்டிட்டியள். அதையும் ஒருக்காச் சேக்கேலாதே?"

நடுங்கிக்கொண்டு ரீச்சரிடம் போய்க் கேட்டேன். அவர் ஓகன் கட்டை ஒன்றைத் தட்டிப் பார்த்தார்.

"சேர்" என்றார். "என்ரை பிள்ளையிட்டையும் ஒண்டு இருந்தது."

இப்போது கடைசி அடியில் சைக்கிள் வருகிறது. அந்த இடத்தில் ரீச்சர் ஓகனின் மேற்கட்டையை இரண்டு தரம் தட்டுகிறார். அச்சொட்டாக மணிச் சத்தம். சபை முழுவதும் பக்கக் கதவைத் திரும்பிப் பார்க்கிறது. ரீச்சரும் திரும்பிப் பார்க்கிறார். இதுவரை வந்தவர் பொன்னுத்துரை அண்ணை ஒருவர்தான், பழைய பொன்னாடையோடு.